பெட்ரோல் நிலைய முகவர் உரிமை

பெட்ரோல் நிலைய முகவர் உரிமை என்பது, எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பெயரிலும் வணிகச் சின்னத்திலும் பெட்ரோல், டீசல் முதலிய எரிபொருட்களைச் சில்லறையாக விற்பதற்கு அந்நிறுவனம் தனியொருவருக்கோ அமைப்புக்கோ வழங்கும் உரிமம் ஆகும். பேச்சு வழக்கில் இது 'பங்க் டீலர்ஷிப்' எனப்படுகிறது. இந்தியாவில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களே பெரும்பான்மையான நிலையங்களை அமைத்துள்ளன. இவற்றின் முகவர் தேர்வுக்குப் பொதுவான விதிமுறைகள் உள்ளன. விண்ணப்பிப்பவரின் வயது, கல்வி ஆகியவற்றுக்கான நிபந்தனைகள் எளியவை. ஆயினும் உரிய சாலையில், உரிய அளவில், வில்லங்கமற்ற நிலம் வைத்திருப்பதே நடைமுறையில் முதன்மைத் தகுதியாக அமைந்துவிட்டது. இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

உரிமையின் தன்மை

முகவரைப் 'பங்க் ஓனர்' என்று அழைப்பது வழக்கம். சட்டப்படி அவர் உரிமையாளர் அல்லர், உரிமம் பெற்றவர் மட்டுமே. நிலத்தடித் தொட்டிகள், எரிபொருள் நிரப்பும் பொறிகள், பெயர்ப்பலகை ஆகியவை நிறுவனத்தின் உடைமைகள். விற்பனை விலையை முகவர் முடிவு செய்ய இயலாது. 2017 சூன் 16 முதல் நாடு முழுவதும் விலை நாள்தோறும் திருத்தப்படுகிறது. முகவருக்குக் கிடைப்பது லிட்டருக்குச் சில ரூபாய் தரகு மட்டுமே. உரிமையைப் பிறருக்கு விற்கவோ, குத்தகைக்கு விடவோ, பினாமியாக நடத்தவோ கூடாது. முகவர் இறந்தால் சட்டப்படியான வாரிசுகளின் பெயரில் உரிமையை மறுசீரமைக்க நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

உணவகம், செருப்புக்கடை போன்றவற்றின் வணிகப் பெயரைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு குறிப்பிடத்தக்கது. அங்கே பெயருக்குரிய நிறுவனம் தனக்கு விருப்பமானவரைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே வழங்குபவை பொதுத்துறை நிறுவனங்கள் என்பதால், உரிமை பொதுச் சொத்தாகவே கருதப்படுகிறது. யாருக்கு, எதன் அடிப்படையில் கொடுக்கப்பட்டது என்பதை நீதிமன்றங்கள் கேள்வி கேட்க இயலும். அவ்வாறு பலமுறை கேட்டும் உள்ளன.

வரலாறு

விடுதலைக்குப் பின்னரும் பல ஆண்டுகள் பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களே சில்லறை விற்பனையில் முன்னின்றன. 1970களில் இவை நாட்டுடைமையாக்கப்பட்டன. அதன்பின் முகவர் உரிமை அரசின் கையில் இருந்த ஒரு சலுகையாக மாறியது. தேர்வு வாரியங்கள் ஒருபுறம் இயங்க, மறுபுறம் பெட்ரோலியத் துறை அமைச்சரின் விருப்புரிமை ஒதுக்கீடும் நடைமுறையில் இருந்தது. போரில் உயிர் நீத்தோரின் குடும்பத்தினர், கைம்பெண்கள், விபத்தில் பாதிக்கப்பட்டோர் போன்றவர்களுக்கு உதவுவதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது.

அந்த ஒதுக்கீடு அரசியல்வாதிகளின் உறவினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சென்றது வெளிச்சத்துக்கு வந்தபோது, 'காமன் காஸ்' என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 செப்டம்பர் 25 அன்று 15 ஒதுக்கீடுகளை இரத்து செய்தது. அன்றைய அமைச்சர் சதீஷ் சர்மா 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும் பின்னர் ஆணையிட்டது. 1999இல் மறுஆய்வில் இந்த இழப்பீட்டு ஆணை நீக்கப்பட்டது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வே இவ்வழக்கை விசாரித்தது. இதற்கு ஒரு மாதம் முன்பு, 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்த புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியதும் அவர் தலைமையிலான அமர்வுதான். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது.

2000ஆம் ஆண்டில், ஓய்வு பெற்ற நீதிபதிகளைத் தலைவர்களாகக் கொண்ட முகவர் தேர்வு வாரியங்கள் புதிய விதிமுறைகளுடன் இயங்கின. நேர்காணலில் மதிப்பெண் வழங்கித் தேர்ந்தெடுப்பது இவற்றின் முறை. ஆளுங்கட்சிகளைச் சார்ந்தோருக்கு உரிமைகள் சென்றதாக 2002 ஆகஸ்டில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழ் தொடர்ந்து செய்தி வெளியிட்டது. வாஜ்பாய் அரசு 2000 சனவரி முதல் வாரியங்கள் பரிந்துரைத்த ஒதுக்கீடுகள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக இரத்து செய்தது. நேர்மையாகத் தேர்வானவர்களும் இதில் அடிபட்டனர். கடன் வாங்கி நிலத்தைச் சீரமைத்தவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் நீதிமன்றம் சென்றனர். ஓங்கார் லால் பஜாஜ் வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிலர் மீதான குற்றச்சாட்டுக்காக எல்லோரையும் தண்டிக்க இயலாது என்று கூறி ஒட்டுமொத்த இரத்தை நீக்கியது. ஐயத்துக்குரிய ஒதுக்கீடுகளை மட்டும் ஆராய ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஆராயப்பட்டவற்றுள் பெரும்பாலானவை தகுதியின் அடிப்படையில் அமையவில்லை என்று அக்குழு அறிக்கை அளித்தது.

இதன்பின் தேர்வு நிறுவனங்களின் பொறுப்பாயிற்று. நேர்காணலும் மதிப்பெண்ணும் சில காலம் தொடர்ந்தன. நேர்காணல் இருக்கும்வரை பரிந்துரையும் இருக்கும் என்ற குறை நீங்காததால், 2010களில் அது கைவிடப்பட்டுக் குலுக்கல் முறை வந்தது. 2018 நவம்பரில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 55,000க்கும் மேற்பட்ட இடங்களுக்கு விளம்பரம் செய்தன. அப்போது வெளியிடப்பட்ட கையேட்டின் நிபந்தனைகளே கீழே தரப்பட்டுள்ளன. ஒவ்வொரு விளம்பரத்துடனும் நிபந்தனைகள் திருத்தப்படக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும்போது நடப்பில் உள்ள கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

ஆள் தகுதி

விண்ணப்பதாரர் இந்தியக் குடிமகனாகவும் வருமான வரி விதிகளின்படி இந்தியாவில் வசிப்பவராகவும் இருத்தல் வேண்டும். வயது 21 முதல் 60 வரை. கல்வி 10ஆம் வகுப்புத் தேர்ச்சி. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு வயது, கல்வி நிபந்தனைகளில் விலக்கு உண்டு. முன்னர் வங்கி இருப்பு, வைப்புத்தொகை ஆகியவற்றைக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 2018இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது.

தகுதியின்மைகள் இவற்றைவிடக் கடுமையானவை. ஒரு குடும்பத்துக்கு ஒரு முகவர் உரிமைதான். பெட்ரோல் நிலையம், சமையல் எரிவாயு முகமை, மண்ணெண்ணெய் மொத்த விற்பனை ஆகிய மூன்றும் இதில் ஒன்றாகக் கணக்கிடப்படும். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோர் ஒரு குடும்பம். மணமாகாதவருக்குப் பெற்றோரும் மணமாகாத உடன்பிறந்தாரும் குடும்பத்தினர். ஒழுக்கக்கேடு அல்லது பொருளாதாரக் குற்றத்தில் தண்டனை பெற்றவரும், அவ்வகை வழக்கில் குற்றச்சாட்டு வனையப்பட்டவரும் விண்ணப்பிக்க இயலாது. கலப்படம் முதலிய முறைகேடுகளுக்காக முன்னர் உரிமை இழந்தவருக்கும் இத்தடை பொருந்தும். தேர்வு பெற்றவர் வேறு பணியில் இருந்தால், நியமனத்துக்கு முன் அதை விட்டு விலக வேண்டும். முதல் போடுவது ஒருவர், நிலையத்தை நடத்துவது மற்றொருவர் என்னும் ஏற்பாட்டை விதிகள் ஏற்பதில்லை.

இடங்களில் 22.5 விழுக்காடு பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், 27 விழுக்காடு பிற பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் முன்னாள் படைவீரர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறந்த விளையாட்டு வீரர்கள் முதலியோருக்கு உள் ஒதுக்கீடு உள்ளது.

நிலம்

விண்ணப்பதாரர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். தமது பெயரிலோ குடும்பத்தினர் பெயரிலோ சொந்த நிலம் அல்லது நீண்டகாலக் குத்தகை நிலம் உள்ளவர்கள் முதற்குழு. நிலத்தை வாங்கவோ குத்தகைக்குப் பெறவோ உரிமையாளரின் உறுதியான இசைவைப் பெற்றவர்கள் இரண்டாம் குழு. நிலம் இல்லாதவர்கள் மூன்றாம் குழு. குத்தகையின் குறைந்த அளவு 19 ஆண்டுகள் 11 மாதங்கள். முதற்குழுவில் தகுதியானவர் ஒருவர் கிடைத்துவிட்டால் மற்ற இரு குழுக்களுக்கும் வாய்ப்பே இல்லை. குலுக்கல் முறை எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்ற கருத்துக்கு இதுவே முதன்மையான மறுப்பு எனலாம். சீட்டு எடுப்பதற்கு முன்பே நிலம் வரிசையை முடிவு செய்துவிடுகிறது.

விளம்பரத்தில் ஊர்ப் பெயர் மட்டும் இடம்பெறுவதில்லை. எந்தச் சாலை, எந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து எதுவரை, இடப்புறமா வலப்புறமா என்பதும் குறிக்கப்படும். நிலம் அந்த எல்லைக்குள் இருத்தல் வேண்டும். நூறு மீட்டர் தள்ளியிருந்தாலும் பயனில்லை. பட்டா, சிட்டா, நில அளவை வரைபடம், பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவை விண்ணப்ப நாளுக்கு முந்தைய நிலையில் சரியாக இருக்க வேண்டும். பாகப்பிரிவினை ஆகாத குடும்ப நிலமாயின் பங்காளிகளின் இசைவு தேவை. பலரது வாய்ப்பு இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது. பாட்டன் பெயரிலேயே நிற்கும் பட்டாவைக் கடைசி வாரத்தில் மாற்ற முயல்வது பெரும்பாலும் பலன் தருவதில்லை.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான இடங்களில் விண்ணப்பதாரர் நிலம் காட்ட வேண்டியதில்லை. நிறுவனமே நிலத்தைப் பெற்று, கட்டடம் கட்டி, நடைமுறை முதலுக்கும் கடன் தந்து, அதனைத் தவணைகளில் திரும்பப் பெறுகிறது. நிலமற்றோர் இத்தொழிலில் நுழைவதற்கு உள்ள ஒரு சில வழிகளுள் இது முக்கியமானது.

இராணிப்பேட்டை வட்டாரத்தில்

இராணிப்பேட்டை நெடுஞ்சாலைகள் கூடும் ஊர். சென்னையிலிருந்து வரும் பழைய 4ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கிருந்து சித்தூர் நோக்கித் திரும்பியது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் சாலை 46ஆம் எண்ணைப் பெற்றிருந்தது. 2010இல் எண்கள் மாற்றப்பட்டபின் சென்னை–கிருஷ்ணகிரி வழி 48 ஆகவும், சித்தூர் வழி 40 ஆகவும் ஆயின. சிப்காட் தொழிற்பேட்டை, பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவித் தொழிற்சாலை, தோல் ஆலைகள் ஆகியவற்றின் சரக்குந்துகளும், ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சிற்றூர்களிலிருந்து பெண் தொழிலாளர்களை ஏற்றிவரும் பேருந்துகளும் இச்சாலைகளில் டீசலுக்குத் தேவையை உண்டாக்குகின்றன.

தேவை இருக்கும் இடத்தில் நிலம் கிடைப்பது அரிது. சமவெளிப் பகுதியில் தேசிய நெடுஞ்சாலையோர நிலையத்துக்குக் குறைந்தது 35 மீட்டர் சாலை முகப்பு வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2003ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, நகரங்களுக்கு வெளியே நடுத்தடுப்பு உள்ள சாலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 1,000 மீட்டர் இடைவெளி தேவை. முக்கியச் சாலைச் சந்திப்புகளிலிருந்து உரிய தொலைவும், சுங்கச்சாவடியிலிருந்து 1,000 மீட்டரும் விலகியிருத்தல் வேண்டும். இந்நெறிமுறைகள் 2020இல் திருத்தப்பட்டன. வாலாசாப்பேட்டை, பள்ளிகொண்டா, வாணியம்பாடி ஆகிய இடங்களில் சுங்கச்சாவடிகளும், ஊருக்கு ஊர் சந்திப்புகளும் கொண்ட இச்சாலையில் இவற்றைக் கழித்துப் பார்த்தால் எஞ்சும் நிலம் சிறிது. அதிலும் பாலாற்றுப் புறம்போக்கு, நஞ்சை, தோப்பு ஆகியவை போக மீதியுள்ளது ஏற்கெனவே தொழிற்சாலை, கிடங்கு, திருமண மண்டபம் என்று விலையேறியது.

நீதிமன்ற ஆணைகளாலும் செலவு மிகுதியாலும் மூடப்பட்ட தோல் ஆலைகளின் நிலங்கள் சில இடங்களில் காலியாக உள்ளன. இவற்றில் கடன் அடைமானம், பங்காளி வழக்கு, ஆலையின் நிலுவைப் பொறுப்புகள் ஆகியவை உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் எல்லாம் தெரிந்துவிடாது. நிலையம் அமைக்கத் தொட்டிகளுக்காக ஆழமாகத் தோண்ட வேண்டியிருப்பதால், மண்ணில் பழைய ஆலைக் கழிவு இருக்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது. இராணிப்பேட்டையில் குரோமியம் கலந்த கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு பலரும் அறிந்ததே.

குடியிருப்புகள் நெருங்கிய ஊர்ப்பகுதிக்கு வேறொரு தடை உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 சனவரி நெறிமுறைகளின்படி புதிய நிலையம் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தொலைவில் அமைய வேண்டும். இயலாத நிலையில் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் 30 மீட்டர் வரை குறைக்கலாம்.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதன்பின் ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை திருப்பத்தூர் மாவட்டத்திலும், ஆற்காடு, வாலாசாப்பேட்டை, அரக்கோணம் ஆகியவை இராணிப்பேட்டை மாவட்டத்திலும் உள்ளன. தடையின்மைச் சான்றுக்கு அந்தந்த மாவட்ட ஆட்சியரகத்தையே அணுக வேண்டும்.

பணம்

பொதுப் பிரிவினருக்கு விண்ணப்பக் கட்டணம் வழக்கமான நிலையத்துக்கு 10,000 ரூபாய், ஊரக நிலையத்துக்கு 8,000 ரூபாய். ஏனைய பிரிவினருக்கு இது குறைவு. கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. பாதுகாப்பு வைப்புத்தொகை வழக்கமான நிலையத்துக்குப் பொதுப் பிரிவில் 5 இலட்சம், பிற்படுத்தப்பட்டோருக்கு 4 இலட்சம், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 3 இலட்சம். ஊரக நிலையத்துக்கு முறையே 4, 3, 2 இலட்சம். முகவரே நிலம் தந்து அமைக்கும் நிலையத்துக்கு நிறுவனம் வாங்கும் ஒருமுறைக் கட்டணம் வழக்கமான நிலையத்துக்கு 15 இலட்சமும் ஊரக நிலையத்துக்கு 5 இலட்சமும் ஆகும்.

இவை சிறிய தொகைகளே. கட்டடம், மேற்கூரை, தரை, மின்னிணைப்பு ஆகியவற்றுக்கான செலவு இவற்றைவிட அதிகம். அதற்கும் மேலாக நடைமுறை முதல் தேவை. எரிபொருளுக்குப் பொதுவாக முன்பணம் செலுத்த வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயை ஒட்டி விற்கும்போது, 12,000 லிட்டர் கொண்ட ஒரு தாங்கி ஊர்திச் சரக்குக்கு ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாய் ஆகும். தொழிற்சாலைகளும் பேருந்து உரிமையாளர்களும் கடனுக்கு டீசல் கேட்கும் வட்டாரங்களில் முகவரின் பணம் இருபுறமும் முடங்கும். வங்கி இருப்புக் காட்டும் நிபந்தனை நீக்கப்பட்டதால் பணம் தேவையில்லை என்று எண்ணி விண்ணப்பித்தவர்கள் பின்னர் தடுமாற நேர்கிறது.

தேர்வும் உரிமங்களும்

விண்ணப்பம் இணையம் வழியாக மட்டுமே. தகுதியானவர் ஒருவருக்கு மேற்பட்டால் கணினிக் குலுக்கல் நடைபெறும். தேர்வானவர் பாதுகாப்பு வைப்பில் ஒரு பகுதியைச் செலுத்தி, ஆவணங்களை அளிக்க வேண்டும். பின்னர் அலுவலர் குழு நிலத்தை நேரில் பார்வையிடும். விண்ணப்பத்தில் சொன்னது பொய் என்று தெரிந்தால் தேர்வு இரத்தாகும், செலுத்திய தொகையும் போகும். எல்லாம் சரியாக இருந்தால் விருப்பக் கடிதம் வழங்கப்படுகிறது. இது நியமனம் அன்று. நிலையத்தை அமைக்கத் தொடங்கலாம் என்பதே இதன் பொருள்.

விருப்பக் கடிதத்துக்குப் பின் அரசு அனுமதிகள் தொடங்குகின்றன. 2002ஆம் ஆண்டுப் பெட்ரோலிய விதிகளின்படி மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று தேவை. அதற்காக வருவாய்த்துறை, காவல்துறை, தீயணைப்புத்துறை, நெடுஞ்சாலைத்துறை, உள்ளாட்சி ஆகியவற்றின் கருத்துகள் கேட்கப்படும். அதன்பின் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து நுழைவழி அமைக்கத் தனி அனுமதியும், அளவைப் பொறிகளுக்கு எடையளவுச் சட்டத்தின்கீழ் முத்திரையும் தேவை.

முகவர் உரிமை பெற்றுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்கும் போலி இணையத்தளங்களும் கடிதங்களும் உலவுகின்றன. எண்ணெய் நிறுவனங்கள் இதற்கென இடைத்தரகர் எவரையும் நியமிப்பதில்லை.

உரிமை இழத்தல்

நாள்தோறும் காலையில் தொட்டியின் இருப்பையும் எரிபொருளின் அடர்த்தியையும் அளந்து பதிய வேண்டும். அடர்த்தி, பதிவு செய்யப்பட்ட அளவிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் மாறினால் ஐயத்துக்குரியது. 5 லிட்டர் அளவையில் 25 மில்லிலிட்டருக்கு மேல் குறையக்கூடாது. வடிதாள் சோதனையும் 5 லிட்டர் அளவைச் சோதனையும் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கலப்படமோ பொறியின் முத்திரையைச் சிதைத்ததோ மெய்ப்பிக்கப்பட்டால் முதல் முறையிலேயே உரிமை பறிக்கப்படும்.

இவ்விதிகளைச் செயல்படுத்துவது எளிய வேலையன்று. கோலார் தங்கவயலில் வளர்ந்தவரான சண்முகம் மஞ்சுநாத் என்ற இந்தியன் ஆயில் அலுவலர், உத்தரப் பிரதேசத்தின் இலக்கிம்பூர் கேரியில் கலப்படம் செய்த நிலையமொன்றை மூடி முத்திரையிட்டார். அது மீண்டும் இயங்குவதை அறிந்து ஆய்வுக்குச் சென்றபோது, 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. முகவரின் மகன் உள்ளிட்டோருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதி செய்தது.

குலுக்கல் அல்லாத வழிகள்

தனியார் எண்ணெய் நிறுவனங்கள் தத்தம் அளவுகோல்களின்படி முகவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அங்கு இட ஒதுக்கீடும் குலுக்கலும் இல்லை. பொதுத்துறை நிறுவனங்களும் சில நிலையங்களைத் தாமே நடத்துகின்றன. அரசுத் துறைகளுக்கு நேரடியாக உரிமை வழங்கப்படுவதும் உண்டு. தமிழ்நாடு சிறைத்துறை இந்தியன் ஆயிலுடன் இணைந்து வேலூர், புழல் உள்ளிட்ட சிறைகளை ஒட்டிப் பெட்ரோல் நிலையங்களை நடத்திவருகிறது. இவற்றில் எரிபொருள் நிரப்புபவர்கள் நன்னடத்தைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தண்டனைக் கைதிகள் ஆவர். அவர்களுக்கு ஊதியம் வழங்கப்படுகிறது.